துவக்கின் துண்டும் துவக்குத்தான்



காஸாவுக்காக நாம் துஆக் கேட்டோம். குனூத் ஓதினோம். சில குளிர்பானங்களை வீட்டுக்குள் எடுக்காமல் விட்டோம். மாத்தளை, உக்குவளை, கலேவல என்று எந்த ஊரை எடுத்தாலும் முகநூல் படத்தை மாற்றிய பிள்ளைகள் ஏராளம். எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வியை நாம் யாரிடமும் கேட்கவில்லை. ஆயுதங்கள் எல்லை தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தில் நம் நாடு ஏன் இல்லை?

2013 ஏப்ரல் 2ஆம் திகதி ஐ.நா. பொதுச் சபையில் ஆயுத வர்த்தக ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 154, எதிர்ப்பு 3. வாக்களிக்காமல் ஒதுங்கிய நாடுகள் 23. அந்த 23இல் இலங்கையும் ஒன்று. 2014 டிசம்பரில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு இங்கே எத்தனை ஆட்சிகள் மாறின! எந்த ஆட்சியும் இணையவில்லை. பலஸ்தீன் 2017இல் இணைந்தது. பக்கத்து மாலைதீவு 2019இல் இணைந்தது. பலஸ்தீனுக்காகக் குரல் கொடுக்கிறோம் என்று மேடையில் பேசும் நம் அரசியல்வாதிகளுக்கு இது தெரியுமா?

இந்த ஒப்பந்தம் முழுத் துவக்கோடு நிற்பதில்லை. முழுத் துவக்கு கப்பலேறினால் எவர் கண்ணிலும் படும். குழலை ஒரு பெட்டியிலும் விசைப்பகுதியை இன்னொரு பெட்டியிலும் போட்டு "உதிரிப்பாகம்" என்று எழுதினால் அது வெறும் இரும்புச் சாமான். இதைத் தடுக்கத்தான் 4ஆம் உறுப்புரை, பொருத்தினால் ஆயுதமாகக்கூடிய பாகங்களின் ஏற்றுமதியையும் கட்டுப்படுத்தச் சொல்கிறது. இனப்படுகொலைக்கோ பொதுமக்கள் மீதான தாக்குதலுக்கோ பயன்படும் என்று தெரிந்தால் அனுப்பவே கூடாது என்கிறது 6ஆம் உறுப்புரை.

பெரிய நாடுகள் இந்தத் "துண்டு" என்ற சொல்லுக்குப் பின்னால்தான் ஒளிகின்றன. அமெரிக்காவில் 100 டொலருக்கு மேற்படாத துவக்குப் பாகங்களை, குழல் போன்ற முக்கிய பாகங்கள் தவிர, அனுமதிப்பத்திரம் இல்லாமலே ஏற்றுமதி செய்ய நீண்ட காலம் விதிவிலக்கு இருந்தது. 2020 மார்ச்சில் பெரும்பாலான அரைத் தானியங்கித் துவக்குகளையும் அவற்றின் பாகங்களையும் இராஜாங்கத் திணைக்களத்திடமிருந்து எடுத்து வர்த்தகத் திணைக்களத்திடம் கொடுத்தார்கள். கொலைக்கருவி வியாபாரச் சரக்கானது. பிரித்தானியா 2024 செப்டெம்பரில் இஸ்ரேலுக்கான சுமார் 350 அனுமதிகளில் 30 அளவைத்தான் இடைநிறுத்தியது. பொதுக் களஞ்சியம் வழியாகப் போகும் எஃப்-35 போர்விமானப் பாகங்களுக்கு விலக்கு!

"அப்படியென்றால் ஒப்பந்தத்தால் என்ன பயன்?" என்று கேட்பீர்கள். நெதர்லாந்தைப் பாருங்கள். 2024 பெப்ரவரியில் அங்கே மேன்முறையீட்டு நீதிமன்றம், எஃப்-35 பாகங்களை இஸ்ரேலுக்கு அனுப்புவதை ஏழு நாட்களுக்குள் நிறுத்துமாறு அரசுக்கே உத்தரவிட்டது. 2025 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம், அனுமதியை ஆறு வாரத்துக்குள் அரசே மீளாய்வு செய்ய வேண்டும் என்றது. தீர்ப்பு முழுமையானதல்ல. ஆனாலும் எழுதிய சட்டம் இருந்தபடியால்தான் சாதாரண அமைப்புகள் ஓர் அரசை நீதிமன்றப் படியேற்ற முடிந்தது.

"நாம் ஆயுதம் விற்பதில்லையே?" நாம் கப்பல் பாதையில் இருக்கிறோம். வழிக்கடத்தலையும் தரகு வேலையையும் ஒப்பந்தம் தனித்தனியாகப் பேசுகிறது. 2015 ஜனவரியில் காலித் துறைமுகத்தில் "மஹநுவர" கப்பலில் 3,000க்கும் அதிகமான ஆயுதங்கள் இருந்ததும், அது சட்டப்படி சரியா பிழையா என்று நாடு ஆண்டுக்கணக்கில் வாதாடியதும் மறந்துவிட்டதா?

இன்னொரு பயம் நம் வாய்க்குள்ளேயே இருக்கிறது. "2019க்குப் பிறகு முஸ்லிம்கள் துவக்கைப் பற்றிப் பேசினால் வம்பு." சமையலறைக் கத்தியையும் தொலைக்காட்சியில் காட்டிய நாட்கள் நமக்கு நினைவிருக்கின்றன. அதற்காகவே பேச வேண்டும் என்கிறோம். ஆயுதத்துக்குக் கடிவாளம் கேட்பவன் எப்படிச் சந்தேக நபராவான்? பட்டப்பகலில் பாதாளக் கும்பல்கள் சுடும் நாட்டில், துவக்கு எந்த வழியாக வந்தது என்று கேட்கும் உரிமை சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோருக்கும் உண்டு. அதே நியாயம் நம் வீட்டுக்கும் பொருந்தும். குரங்கு விரட்ட, பன்றி விரட்ட என்று இணையத்தில் துவக்குச் சாமான் தேடும் இளைஞர்களைப் பெற்றோர் தடுக்க வேண்டும். அனுமதி இல்லாமல் பார்சலில் வரவழைத்தால் சுங்கத்தில் அது விளையாட்டுச் சாமானாக இருக்காது.

பள்ளிவாசல் நிருவாகங்களிடமும் ஊர்ச் சங்கங்களிடமும் நாம் கேட்பது ஒன்றுதான். இலங்கை இந்த ஒப்பந்தத்தில் எப்போது இணையும் என்று வெளிவிவகார அமைச்சரிடம் பாராளுமன்றத்தில் கேட்கும்படி, மாத்தளை மாவட்ட உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் எழுத்தில் கோரிக்கை வையுங்கள். மூன்று மொழியிலும் கடிதத்தை எழுதித்தர ஆசிரியர்களான நாங்கள் தயார். யார் பதில் தந்தார்கள், யார் தரவில்லை என்பதைப் பெயரோடு இங்கேயே பதிவோம்.