வரி கட்டாதவர் என்று யாரைச் சொல்கிறோம்?

"உழைக்கிற எல்லாரும் வருமான வரி கட்டவேணும். நூறு ரூபாவாவது கட்டினால்தான் அரசாங்கத்தைக் கேள்வி கேட்கிற உரிமை வரும்." இந்தப் பேச்சை இப்போது எங்கள் பக்கத்திலும் அடிக்கடி கேட்கிறேன். கலியாண வீட்டிலும் சொல்கிறார்கள், எங்கள் ஊர்க் கும்பழாவளைப் பிள்ளையார் கோவில் வீதியிலும் சொல்கிறார்கள். சொல்பவர்கள் பொல்லாதவர்கள் அல்ல. பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். வருமான வரி கூடிய 2023 தையில் சம்பளச் சிட்டையைப் பார்த்துத் திடுக்கிட்டவர்கள். தாங்கள் மட்டும் கட்ட, மற்றவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்ற மனத்தாங்கல் அவர்களுக்கு இருக்கிறது.

அந்த மனத்தாங்கலின் அடிப்படையே பிழையானது என்பது என் கருத்து. நான் யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்து வளர்ந்தவள். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவள். ஆகவே கணக்கோடுதான் பேசுவேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண் இருக்கிறார். வெங்காயம் நடுவது, களை பிடுங்குவது, கிண்டுவது, பிடி கட்டுவது எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. நாட்கூலி 2,000 ரூபா, மாதத்தில் 20 நாள் வேலை என்று வைத்தால் 40,000 ரூபா வரும். மழை கூடினால் அதுவும் இல்லை. வருமான வரி தொடங்கும் எல்லை 2025 சித்திரையிலிருந்து மாதம் 150,000 ரூபா. ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர் வரி கட்டாதவர்.

அவருடைய செலவுப் பக்கத்தைப் பாருங்கள். எரிவாயுச் சிலிண்டர் ஒன்று 4,000 ரூபா என்று கணக்குக்கு எடுத்தால், அதில் 610 ரூபா பெறுமதி சேர் வரி. இந்த வற் வரி 2024 தையில் 18 வீதமானபோது, அதுவரை விலக்கப்பட்டிருந்த எரிவாயு, பெற்றோல், டீசல், கைத்தொலைபேசி எல்லாவற்றின் மேலும் வந்து விழுந்தது. சவர்க்காரம், பற்பசை, பிள்ளையின் அப்பியாசக் கொப்பி, சப்பாத்து எல்லாவற்றிலும் இருக்கிறது. தொலைபேசிக்கு ரீலோட் போட்டால் வற்றோடு தொலைத்தொடர்பு வரியும் சேர்கிறது. சீனி கிலோவுக்கு 50 ரூபா இறக்குமதி அறவீடு. இவ்வளவுக்கும் பிறகு 2022 ஐப்பசியில் வந்த சமூகப் பாதுகாப்பு அறவீடு இரண்டரை வீதம், பொருள் கை மாறி வரும் வழியில் விலைக்குள் ஒளிந்துகொள்கிறது.

அரிசி, பாண், மரக்கறிக்கு வற் இல்லை என்பது உண்மை. உள்ளூர்ப் பாலுக்கும் யோகட்டுக்கும் 2025இல் நீக்கினார்கள், அதுவும் நல்ல காரியம். ஆனால் வருமான வரிக்கு ஓர் எல்லை இருப்பதுபோல வற்றுக்கு எல்லை கிடையாது. முதல் ரூபாவிலேயே தொடங்கிவிடும். மாதம் ஐந்து இலட்சம் உழைப்பவர் சிலிண்டருக்குக் கட்டும் 610 ரூபாவைத்தான் இந்தப் பெண்ணும் கட்டுகிறார். உழைக்கிற காசில் ஒரு சதமும் மிஞ்சாமல் செலவழிக்கிறவருக்கு அந்த வரி உழைப்பு முழுவதன் மேலும் விழுகிறது. மிச்சம் பிடித்து வங்கியில் போடக்கூடியவருக்கு அப்படி அல்ல.

கடந்த சில வருடங்களில் யாருக்கு என்ன நடந்தது என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. 2018இல் சம்பளக்காரரின் விலக்கு எல்லை மாதம் ஓர் இலட்சம். 2020 தையில் ஒரேயடியாக இரண்டரை இலட்சம் ஆக்கினார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னரே வற் 15இலிருந்து 8 வீதத்துக்கு இறங்கியிருந்தது. நல்ல வருமானக்காரருக்குப் பெரிய கொடை அது. திறைசேரி வற்றியது, 2022 சித்திரையில் நாடு கடன் கட்ட முடியாது என்று கைவிரித்தது. பிறகு சர்வதேச நாணய நிதியத்தோடு உடன்பாடு. 2023 தையில் எல்லை மறுபடி ஓர் இலட்சத்துக்கு இறங்க, இரண்டு இலட்சம் சம்பளம் எடுத்தவர் மாதம் 10,500 ரூபா கட்டவேண்டி வந்தது. வைத்தியர்கள், பல்கலைக்கழக ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள் தெருவில் இறங்கினார்கள். 2023 பங்குனி 15ஆம் திகதி நாடு முழுவதும் வேலைநிறுத்தம். அவர்கள் போராடியதில் பிழை சொல்லமாட்டேன். விலைவாசி அப்படி ஏறியிருந்த நேரம். பலனும் கிடைத்தது. 2025 சித்திரையில் எல்லை ஒன்றரை இலட்சம் ஆகி, அதே இரண்டு இலட்சம் சம்பளக்காரரின் வரி 3,000 ரூபாவுக்கு இறங்கியது.

வற்? 8 வீதம், 12 வீதம், 15 வீதம், 18 வீதம் என்று ஏறியது. ஏறிய இடத்திலேயே நிற்கிறது. வெங்காயம் கிண்டுகிறவர்களுக்குத் தொழிற்சங்கம் இல்லை. அவர்கள் ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் கொழும்பில் யாருக்கும் தெரியவராது, அன்றைய கூலி மட்டும் இல்லாமற்போகும்.

நேரடியான வருமான வரியைக்கூட அந்தப் பெண் கட்டிக்கொண்டுதான் இருந்தார் என்பதைப் போன வருடம் வங்கியில் வைத்துத்தான் இருவரும் கண்டோம். மகளுக்கென்று சீட்டுப் பிடித்துச் சேர்த்ததும், தமையன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியதுமாக ஐந்து இலட்சம் ரூபா நிலையான வைப்பில் போட்டிருந்தார். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வட்டியில் ஏதோ குறைகிறதே என்று சிட்டையை வாங்கிப் பார்த்தேன். பிடித்துவைத்தல் வரி. 2025 சித்திரையில் அதை 5 வீதத்திலிருந்து 10 வீதமாக உயர்த்தினார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் வெட்டமாட்டார்கள். படிவத்தைக் கேட்டு வாங்கினேன்.

"அக்கா, நான் வரி கட்டுற ஆளே இல்லையே, எனக்கென்னத்துக்கு உந்தப் பாரம்?" என்று கேட்டார்.

"கட்டுற ஆள் இல்லை எண்டு சொல்லத்தான் தங்கச்சி இந்தப் பாரம். சொல்லாட்டில் வெட்டுவினம்" என்றேன்.

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப இவ்வளவு நாளும் வெட்டினது?"

அதைத் திரும்பப் பெறலாம். அதற்கு வரி செலுத்துநர் இலக்கம் எடுத்து, வருமான விபரத்திரட்டு நிரப்பி, சான்றுகள் இணைத்து அனுப்பவேண்டும். எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு அதற்கு அலைவது? அவர் அந்தக் கதையை அதோடு விட்டுவிட்டார்.

கணக்கை முழுதாகச் சொல்கிறேன். ஐந்து இலட்சத்துக்கு எட்டு வீத வட்டி என்றால் வருடத்துக்கு 40,000 ரூபா. படிவம் கொடுக்காவிட்டால் அதில் 4,000 ரூபா போகும். கூலியும் வட்டியும் சேர்ந்த அவருடைய வருட வருமானம் 520,000 ரூபா. நூறு ரூபாவுக்கு 77 சதம் வருமான வரி. மாதம் 160,000 ரூபா சம்பளம் எடுப்பவர் எல்லைக்கு மேலுள்ள பத்தாயிரத்துக்கு 6 வீதப்படி மாதம் 600, வருடம் 7,200 ரூபா கட்டுகிறார். அவருடைய மொத்த வருமானத்தில் நூறு ரூபாவுக்கு 38 சதம்கூட வராது. கூலிக்காரப் பெண் அவரைவிட இரண்டு மடங்கு வீதத்தில் வருமான வரி கட்டியிருப்பார், அதுவும் சட்டப்படி கட்டத் தேவையில்லாத வரியை.

ஆகவே எல்லையைக் கீழே இறக்கி எல்லோரையும் வருமான வரிக்குள் கொண்டுவருவோம் என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நாட்கூலிக்காரரின் வருமானத்தை யார், எப்படிக் கணக்கிடுவது? இந்த ஊர் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பேர்போனது. என். கே. பத்மநாதன் போன்ற மேதை அளவெட்டியின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு ஈழமெங்கும் வாசித்தார். அந்த வழியில் இன்று வாசிக்கும் இளைஞர்கள் வைகாசி தொடக்கம் ஆவணி வரை திருவிழாவும் கலியாணமுமாக ஓடித்திரிவார்கள். மார்கழியில் முகூர்த்தம் இல்லை. ஒரு மாத உழைப்பு எல்லையைத் தொடலாம், அடுத்த மாதம் வெறுங்கை. கொப்பி போட்டு வரவு எழுதும் பழக்கம் இல்லாதவர்களிடம் போய்ச் சில நூறு ரூபா வசூலிக்க ஓர் உத்தியோகத்தர், ஒரு படிவம், ஒரு மேன்முறையீடு. வசூலிப்பதைவிட வசூலிக்கும் செலவு கூடும்.

கடை, தொழிற்சாலை ஊழியர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 2026 தையிலிருந்து தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 30,000 ரூபா. அந்தச் சம்பளத்திலும் 8 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. அந்த நிதிக்கு 2023 ஆடியில் என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டோம். உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில், நிதியிடம் இருந்த அரச முறிகளைக் குறைந்த வட்டியுள்ள புதிய முறிகளுக்கு மாற்றவேண்டும், அல்லது அதன் வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீத வரி என்றார்கள். வங்கிகளிடம் இருந்த ரூபா முறிகளைத் தொடவில்லை. நாட்டின் கடனில் ஒரு பங்கைத் தொழிலாளியின் முதுமைக்கால வட்டியில் இருந்து எடுத்தார்கள். அந்தத் தொழிலாளியைப் பார்த்து "நீ வரி கட்டாதவன்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

உரிமை பற்றிய வாதத்துக்கு வருகிறேன். ஏழையிடம் நேரடியாக வரி வாங்கினால் அவனுக்கு நாட்டில் பங்கு வரும் என்பது புதிய யோசனை அல்ல. 1848இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த தெருச் சட்டப்படி 18 வயதிலிருந்து 55 வயதுவரையான ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் தெரு வேலை செய்யவேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்டவேண்டும். செல்வந்தன் சிலிங்கை எறிந்துவிட்டுப் போனான், ஏழை வெயிலில் கல் உடைத்தான். அந்த வருடத்துப் புதுவரிகள் மாத்தளையில் கிளர்ச்சியைக் கொண்டுவந்தன, வாக்குரிமையைக் கொண்டுவரவில்லை. நெல் வரி 1892 வரை இருந்தது. அதுவும் விவசாயிக்கு எந்த உரிமையையும் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் வாக்கு 1931இல் வந்தபோது யாரிடமும் வரிச்சிட்டை கேட்கவில்லை. அதற்கு அடுத்த வருடம்தான் வருமான வரி இந்த நாட்டுக்கு வந்தது. உப்பிலும் நெல்லிலும் தலைக்கணக்கிலும் எடுத்துப் பழகிய அரசு, மிச்சம் உள்ளவரிடம் எடுக்கப் பழகிய நேரம் அது.

கனடாவில் இருந்து வரும் எங்கள் உறவுகள் "அங்கே எல்லாரும் கட்டுகினம்" என்பார்கள். அங்கும் அடிப்படை விலக்குத் தொகை இருக்கிறது. அதோடு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு விற்பனை வரிக்கு ஈடாக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அரசு காசு திருப்பிக் கொடுக்கிறது. அதைச் சொல்ல அவர்கள் மறந்துவிடுகிறார்கள். இலண்டனில் இருப்பவர்கள் வேறொன்றை அனுபவிக்கிறார்கள். அங்கே விலக்கு எல்லை 2021இலிருந்து 12,570 பவுணில் அசையாமல் நிற்கிறது. சம்பளமும் விலையும் ஏற, எல்லை மட்டும் நிற்க, வருடாவருடம் சிறு சம்பளக்காரர் பலர் வரிக்குள் விழுகிறார்கள். பாராளுமன்றத்தில் புதிய வரி என்று ஒருவரும் அறிவிக்கவேண்டியதில்லை.

எங்களுக்கும் அதுவே நடந்திருக்கிறது. 2018க்குப் பிறகு விலைவாசி இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அன்றைய ஓர் இலட்சம் இன்று இரண்டு இலட்சத்துக்கு மேல் இருக்கவேண்டும். ஒன்றரை இலட்சத்தைச் சலுகை என்று கொண்டாடுகிறோம், உண்மையில் அது 2018ஐவிடத் தாழ்ந்த எல்லை. விலைச்சுட்டியோடு எல்லையும் வருடாவருடம் உயரவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதவேண்டும்.

அரசுக்கு வருமானம் வேண்டுமே என்றால், வேண்டும்தான். பள்ளிக்கூடத்துக்கும் தெல்லிப்பழை வைத்தியசாலைக்கும் காசு வானத்தில் இருந்து விழாது. 2020 ஐப்பசியில் சீனி அறவீட்டை 50 ரூபாவில் இருந்து 25 சதமாக்கினார்களே, அந்தக் காசு எங்கே போனது? கடையில் சீனி விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. 2023 கார்த்திகையில் அறவீடு மறுபடி 50 ரூபா ஆனபோது, அதைக் கடையில் நாங்கள் உடனே கொடுத்தோம். பெரிய முதலீட்டாளருக்கு வருடக்கணக்கில் கொடுக்கும் வரி விடுமுறைகளை நாணய நிதியமே 2023இல் தன் ஆளுகை அறிக்கையில் கேள்விக்குள்ளாக்கியது. யாழ்ப்பாணத்திலும் பற்றுச்சீட்டு எழுதாமல் கைக்காசாக நடக்கும் பெரிய வியாபாரங்களை எல்லோருக்கும் தெரியும். இறைவரித் திணைக்களத்தின் ஆட்பலத்தை அங்கே திருப்பவேண்டும்.

எரிவாயு, சவர்க்காரம், பிள்ளைகளின் கொப்பி ஆகியவற்றில் இருந்தாவது வற்றை எடுக்கவேண்டும். எந்தக் கடையாக இருந்தாலும் சிட்டையில் வரி எவ்வளவு என்று தமிழில் தனியாக அச்சிடவேண்டும். தான் கட்டுவது எவ்வளவு என்று கூலிக்காரர் கண்ணால் காணட்டும். உரிமையோடு கேள்வி கேட்க அதுவே போதும்.

வங்கி வட்டி விடயத்துக்கு வரவு செலவுத் திட்டம்வரை காத்திருக்கத் தேவையில்லை. வருட வட்டி ஓர் இலட்சத்துக்குக் குறைந்த வைப்புகளில் படிவம் கேட்காமலே வெட்டாமல் விடலாம். வசதியானவர்கள் காசைப் பல வங்கிகளில் பிரித்துப் போட்டு ஏய்ப்பார்கள் என்று மறுப்பார்கள். தேசிய அடையாள அட்டை இலக்கம் எல்லாக் கணக்கிலும் இருக்கிறது. அவற்றைக் கூட்டிப் பார்ப்பது உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வேலை. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்று, தான் ஏழை என்று எழுதிக் கொடுப்பது வெங்காயத் தோட்டத்துப் பெண்ணின் வேலை அல்ல.