கோடிட்ட இடங்களை நிரப்புக

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் வண்டிக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், அதில் கையில் ஸ்பைரல் நோட்டும் காதில் இயர்போனுமாகச் சில பிள்ளைகள் நிற்பார்கள். நர்சிங் முடித்த பெண்கள், இன்ஜினீயரிங் முடித்த பையன்கள். கல்யாணத்துக்கோ கோவிலுக்கோ போகிறவர்கள் இல்லை. ஐயெல்ட்ஸ் வகுப்புக்குப் போகிறவர்கள்.

என் தங்கையின் பேத்தியும் அவர்களில் ஒருத்தி. பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு வருஷம், முழுக்க ஆங்கிலத்தில் படித்தவள். ஐந்து வருஷமாக ஆஸ்பத்திரி வேலை. இங்கிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்துகொள்ள வேண்டுமானால் ஐயெல்ட்ஸ் தேர்வில் கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 வாங்க வேண்டும். இவள் இரண்டு தடவை எழுதினாள். மற்ற மூன்றிலும் ஏழும் ஏழரையும் வந்தன. எழுதுதலில் மட்டும் இரண்டு தடவையும் 6. அந்த அரைப் புள்ளிக்காக இரண்டு வளையல்கள் அடகுக் கடையில் இருக்கின்றன. ஒரு தடவை தேர்வு எழுதவே பதினேழு, பதினெட்டாயிரம் ரூபாய் ஆகிறது. சென்னைக்குப் போய் வரும் செலவும், வகுப்புக் கட்டணமும் தனி.

வகுப்பு முடிந்ததும் கடலூரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நோட்டைக் காட்டும்மா" என்றேன். காட்டினாள். வாங்கிப் பார்த்தவனுக்கு வந்த கோபம்தான் இந்தக் கட்டுரை.

நோட்டில் ஆங்கிலப் பாடம் ஒன்றும் இல்லை. தொடக்க வாக்கியம் நாற்பது, முடிவு வாக்கியம் நாற்பது, நடுவில் ஒட்டுவதற்கான சொற்கள் இரண்டு பக்கம். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "இன்றைய நவீன உலகில் ______ என்பது பரவலாக விவாதிக்கப்படும் ஒரு பிரச்சினையாகும். இதில் சாதகங்களும் பாதகங்களும் உள்ளன என்பது மறுக்க முடியாத உண்மை." கோடிட்ட இடத்தில் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். செல்போன், குடும்பக் கட்டுப்பாடு, காட்டு யானை, எதுவும் பொருந்தும். எதற்கும் பொருந்தும் வாக்கியம் எதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்?

நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. கலெக்டர் ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். "நான் மேற்படி முகவரியில் நிரந்தரமாக வசித்து வருகிறேன். மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவன். வேறு எந்த ஆதரவும் இல்லாதவன்" என்று முதல் பக்கம் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். சீட்டில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. நேரே இரண்டாம் பக்கம் போய்ச் சர்வே நம்பர் எங்கே, பட்டா யார் பேரில், இவருக்கு என்ன வேண்டும் என்று தேடுவோம். தேர்வுத்தாள் திருத்துகிறவரும் மனிதர்தான். ஒரே மாதிரித் தாள்களைப் பார்த்துச் சலித்த மனிதர். அவரும் சர்வே நம்பரைத்தான் தேடுவார்.

இது என் ஊகமும் அல்ல. எழுதுதலை நான்கு அளவுகோல்களால் மதிப்பிடுகிறார்கள்: கேட்டதற்குப் பதில் இருக்கிறதா, கருத்து கோர்வையாகப் போகிறதா, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம மதிப்பு. இதை அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். கடன் வாங்கிய வாக்கியத்தை ஒட்டினால் முதல் இரண்டிலும் அடி விழும். முழுக்க மனப்பாடக் கட்டுரை என்று தெரிந்தால் மதிப்பெண்ணே கிடையாது. ஆக, எதைச் செய்தால் மதிப்பெண் குறையுமோ அதைப் பணம் வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அன்றைக்கு அவளிடம் வேறொரு சோதனை செய்தேன். "ராத்திரி டியூட்டியில் ஒரு நோயாளிக்கு மூச்சுத் திணறல் வந்தது என்று சொன்னாயே, அதை அரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுது. நோட்டைப் பார்க்கக் கூடாது" என்றேன். "அதெல்லாம் தேர்வுல வராது தாத்தா" என்றாள். "எனக்காக எழுது." எழுதினாள். இருபது நிமிஷம் ஆயிற்று. எட்டு பிழைகள். ஆனால் மூன்றாவது கட்டிலில் கிடந்த பெரியவரும், ஆக்சிஜன் வைத்ததும், டாக்டருக்குப் போன் போட்டதும் கண் முன்னால் வந்தன. வகுப்பில் எழுதிய கட்டுரையில் பிழை மூன்றுதான், ஆனால் எழுதியவள் அதில் இல்லவே இல்லை. எட்டுப் பிழையைத் திருத்த வழி இருக்கிறது. ஆளே இல்லாத கட்டுரையில் எதைத் திருத்துவது?

அடுத்த வாரம் அவளோடு நானும் போனேன். கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. இருபத்தைந்து பிள்ளைகள். ஆசிரியர் மரியாதையானவர், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். என் சந்தேகத்தைக் கேட்டேன். அவர் மறைக்காமல் பதில் சொன்னார். "சார், நான் இங்கிலீஷ் சொல்லித் தரேன்னு போர்டுல போடலையே. ஸ்கோர்னுதானே போட்டிருக்கேன். பன்னெண்டு வாரம்தான் டைம். இந்தப் பிள்ளைங்களுக்கு வேற என்ன செய்ய முடியும்?"

அவர் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். குமாஸ்தாவுக்குக் கணக்கு பிடிக்கும். வாரம் 2 மணி நேரம், 12 வாரம், மொத்தம் 24 மணி நேரம். மொழியில் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஏற, ஆசிரியர் துணையோடு சுமார் 200 மணி நேரம் தேவை என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு நிறுவனம் தரும் பொதுவான மதிப்பீடு. வாரம் இரண்டு மணி என்று போனால் 100 வாரம், ஏறக்குறைய இரண்டு வருஷம். ஐயெல்ட்ஸ் மதிப்பெண் செல்லுபடியாவதும் இரண்டே வருஷம்தான்! முழு நிலை ஏற வேண்டாம், அரைப் புள்ளிதான் வேண்டும் என்றாலும் 24 மணி நேரத்தில் ஆகிற காரியமா? ஆகாது என்று வகுப்பு நடத்துகிறவருக்கும் தெரியும். அதனால்தான் வாக்கியம் விற்கிறார்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒருவர் கட்டுரையைப் படித்து, சிவப்பு மையில் குறித்து, ஏன் தப்பு என்று எழுத 15 நிமிஷமாவது வேண்டும். 25 பேருக்கு 375 நிமிஷம். ஆறேகால் மணி நேரம். இரண்டு மணி நேர வகுப்புக்கு ஆறேகால் மணி நேரத் திருத்தல். இந்த உழைப்பை மிச்சப்படுத்தத்தான் அந்த நாற்பது வாக்கியங்கள். எல்லோரும் ஒன்றையே எழுதினால் திருத்த வேண்டியதே இல்லையே! பேத்தியின் நோட்டில் மூன்று மாதத்துக்குச் சிவப்பு மை மொத்தம் நான்கு இடத்தில்தான் இருந்தது. அதில் இரண்டு 'குட்'.

திருத்தாமல் யாருக்கும் எழுத்து வராது. இதை என் தலையிலேயே கற்றேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். ஆங்கிலம் எனக்கு மூன்றாம் மொழி. வேலையில் சேர்ந்த புதிதில், மேல் அலுவலகத்திலிருந்து ஒரு விவரம் கேட்டு ஆங்கிலத்தில் வரைவுக் கடிதம் போட்டேன். பிரெஞ்சில் 'தெமாந்தே' என்றால் வெறுமனே கேட்பது. அந்த நினைப்பில் மேலதிகாரிக்கு 'டிமாண்ட்' என்று எழுதிவிட்டேன்! கண்காணிப்பாளர் கூப்பிட்டு, "என்னய்யா, கலெக்டரையே மிரட்டறியா?" என்றார். சிவப்பு மையில் அடித்து, மேலே 'ரிக்வஸ்ட்' என்று எழுதி, திரும்ப எழுதச் சொன்னார். அந்த வார்த்தை அதற்குப் பிறகு ஒரு நாளும் தப்பவில்லை. அவர் மாதிரி வாக்கியம் எதுவும் எனக்குக் கொடுக்கவில்லை. நான் எழுதியதைப் படித்தார், அவ்வளவுதான். என் ஆங்கிலம் முழுக்க அவருடைய சிவப்பு மைதான்.

"தேர்வே அநியாயம், வகுப்பைக் குறை சொல்லி என்ன பயன்?" என்று கேட்பீர்கள். அநியாயம் இருக்கிறது. கடலூரில் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி வாங்கியது 1690-ல். முன்னூறு வருஷத்துக்கு மேலாக அந்த மொழி புழங்கும் ஊர் இது. ஆனாலும் ஆங்கிலம் பேசும் பெரும்பான்மை நாடுகள் என்று விலக்குக் கொடுக்கும் பிரிட்டிஷ் அரசின் பட்டியலில் ஜமைக்கா உண்டு, கயானா உண்டு, இந்தியா இல்லை. பிரெஞ்சுக்காரர்களின் 'தால்ஃப்' சான்றிதழ் வாங்கினால் ஆயுள் முழுக்கச் செல்லும். இங்கே இரண்டு வருஷத்தில் ஆங்கிலம் ஆவியாகிவிடும் போல! இதையெல்லாம் எதிர்த்துப் பேசத்தான் வேண்டும்.

ஆனால் நர்ஸுக்கு ஆங்கிலம் எழுத வர வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. ராத்திரி ஷிஃப்டில் என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தேன் என்று எழுதி வைக்க வேண்டும். காலையில் வருகிறவர் அதைப் படித்துத்தான் அடுத்த ஊசி போடுவார். அங்கே "சாதகங்களும் பாதகங்களும் உள்ளன" என்று எழுதினால் ஒரு உயிர் போகும். 1913-ல் கேம்பிரிட்ஜ் தன் மேல்நிலை ஆங்கிலத் தேர்வை முதன்முதலாக நடத்தியபோது எழுதியவர்கள் மூன்றே பேர். 12 மணி நேரத் தேர்வு. ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சு அல்லது ஜெர்மனுக்கு மொழிபெயர்ப்பும் அதில் உண்டு. மூன்று பேரும் தோற்றார்கள். தோல்வி அவமானமில்லை. தோற்றதற்குக் காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பப் பணம் கட்டுவதுதான் கொடுமை.

பழி முழுவதும் வகுப்பு நடத்துகிறவர் தலையில் போடவும் மாட்டேன். பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் நாம் என்ன செய்தோம்? தமிழ்க் கட்டுரைக்கே முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கைடைப் பார்த்து நெட்டுருப் போட வைத்தோம். சொந்தமாக நாலு வரி எழுதிய பிள்ளைக்கு மார்க் குறைந்ததும் பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்டோம், "கைடுல இருக்கற மாதிரி எழுதச் சொல்லுங்க" என்று. இருபத்தைந்து வயதில் அந்தப் பிள்ளை மாடி வகுப்பில் அதே கைடைத் தேடுவதில் என்ன ஆச்சரியம்?

பேத்தியின் அம்மா என்னிடம் போனில், "மாமா, அட்வான்ஸ் பேட்ச்னு ஒண்ணு இருக்காம், இன்னும் எட்டாயிரம் கட்டச் சொல்றாங்க" என்றாள். கட்ட வேண்டாம் என்றேன். என் சொல்லைக் கேட்டாள். இப்போது ஞாயிறு வகுப்பு இல்லை. வாரம் ஐந்து நாள், அவள் ஷிஃப்ட் முடிந்து அரை மணி நேரம். என் பழைய பள்ளிக்கூட முறைதான். ஒரு நாள் 'திக்தே': போனில் நான் ஒரு பத்தி வாசிப்பேன், அவள் கேட்டு எழுதுவாள். ஒரு நாள் 'ரெஸ்யுமே': ஆங்கிலப் பத்திரிகைத் தலையங்கத்தைக் கால் பங்காகச் சுருக்க வேண்டும், அதில் உள்ள வாக்கியம் ஒன்றைக்கூட அப்படியே எடுக்கக் கூடாது. மற்ற நாட்களில் ஒரு கேள்விக்கு அவள் என்ன நினைக்கிறாள் என்று முதலில் தமிழில் என்னிடம் சொல்ல வேண்டும், பிறகு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புவாள். நான் பிரின்ட் எடுத்துச் சிவப்பு மையில் திருத்தித் திரும்பப் படம் எடுத்து அனுப்புவேன். எனக்கும் சந்தேகம் வந்தால் அகராதி இருக்கிறது. நர்ஸ்கள் உள்ளிட்ட மருத்துவத் துறையினருக்கென்றே ஓஇடி என்று ஒரு தேர்வு உண்டு. அதில் நோயாளியின் குறிப்புகளைப் பார்த்துக் கடிதம் எழுத வேண்டும், அதையும் இங்கிலாந்தில் ஏற்கிறார்கள். மூன்று மாத வகுப்பில் ஒருவரும் அவளுக்கு அதைச் சொல்லவில்லை. அங்கே அதற்குப் பாடம் இல்லை போலும்.

அடுத்த மாதம் மூன்றாவது தடவை எழுதப் போகிறாள். 6.5 வருமா என்று நான் சோசியம் சொல்ல மாட்டேன். ஆனால் போன வாரம் ஒரு கட்டுரையில், கேள்வி தப்பான அனுமானத்தில் கேட்கப்பட்டிருக்கிறது என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். நாற்பது வாக்கியத்தில் அது இல்லை.

பிள்ளைகளை இந்த வகுப்புகளுக்கு அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை பேர் பாஸ் ஆனார்கள், ஏ.சி. உண்டா, பஸ் ஸ்டாண்டிலிருந்து எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் பிள்ளை எழுதியதில் வாரத்துக்கு எத்தனை பக்கம் திருத்திக் கொடுப்பீர்கள்?" பதிலாக ஒரு எண் வந்தால் பணத்தைக் கட்டுங்கள். வராவிட்டால் பர்ஸை மூடிக்கொண்டு மாடிப்படி இறங்கிவிடுங்கள்.