கத்தரிக்காய்க் கேள்வி

எங்கள் செஞ்சிக் கோட்டையை அளந்து சொல்லிவிடலாம். ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. மொகலாயப் படை அதன் காலடியில் ஏழெட்டு வருஷம் கிடந்து, 1698-ல்தான் உள்ளே நுழைந்தது. 2025-ல் மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டமும் கிடைத்தாயிற்று. மனிதனைச் சுற்றி மனிதன் எழுப்புகிற மதில் ஒன்று ஊருக்குள்ளே உண்டே, அதையும் அளந்துவிட்டதாகச் சில பேர் கணக்குக் காட்டுகிறார்கள். அந்தக் கணக்கோடுதான் எனக்குச் சண்டை.

எச்.ஐ.வி. கிருமி தொற்றியவர்களை ஜனங்கள் எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்று அறிய, 2005-06-ல் நடந்த மூன்றாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் நான்கு கேள்விகள் கேட்டார்கள். சொந்தக்காரருக்கு இந்த வியாதி வந்தால் வீட்டில் வைத்துப் பராமரிப்பீர்களா? கிருமியுள்ள கடைக்காரரிடம் காய்கறி வாங்குவீர்களா? கிருமி இருந்தும் நோயில் விழாத ஆசிரியை பாடம் நடத்தலாமா? உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு வந்தால் ரகசியமாக வைத்துக்கொள்ள விரும்புவீர்களா? முதல் மூன்றுக்கும் 'ஆம்', நாலாவதற்கு 'இல்லை' என்றவர் தங்கமான மனிதர் என்று கணக்கு.

கத்தரிக்காய்க் கேள்வியைப் பாருங்கள். காகிதக் கட்டோடு படியேறி வந்த ஒரு பெண் மரியாதையாகக் கேட்கிறாள். நம் வீட்டு அம்மாள் என்ன சொல்வாள்? "வாங்குவேன், அதிலென்ன?" என்பாள். படித்த குடும்பமல்லவா! மறுநாள் சந்தையில் அந்தக் கடையைத் தாண்டி நாலு கடை தள்ளிப் போய் நிற்பாள். காய் வாடியிருந்தது என்று தனக்குத் தானே ஒரு சமாதானமும் வைத்திருப்பாள். அதை எழுதிக்கொள்ள எந்தக் காகிதமும் அங்கே இராது.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நாலாவது கேள்வியில் நடப்பது அநியாயம். ஒரு தாய் இருக்கிறாள். பிள்ளைக்குக் கிருமி இருப்பது தெரிந்த நாளிலிருந்து அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு போடுகிறாள், வேளை தவறாமல் மாத்திரை கொடுக்கிறாள். பக்கத்து வீட்டுக்கு மட்டும் 'அல்சர்' என்று சொல்லி வைத்திருக்கிறாள். பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டும். குடியிருப்பதோ வாடகை வீடு. அவள் "ரகசியமாகத்தான் வைப்பேன்" என்று உண்மையைச் சொன்னாள். உடனே அவள் பெயர் ஒதுக்குகிறவர்கள் பட்டியலில்! காய் வாங்குவேன், எதையும் மறைக்கமாட்டேன் என்று வாய் கூசாமல் புளுகிய அடுத்த வீட்டு அம்மாளோ நல்லவர்கள் பட்டியலில்! யாருக்குப் பயந்து மறைத்தாளோ, அவர்களுக்கே நற்சாட்சிப் பத்திரம். அடிபட்டவன் முதுகுத் தழும்பை எண்ணிவிட்டு, அவன் கையிலேயே விலங்கு மாட்டுவதற்கு ஒப்பான நியாயம் இது.

அவள் பயம் எங்கிருந்து வந்தது? 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் இந்தியாவிலேயே முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டறிந்தார்கள். அன்று பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தவர்கள் பாலியல் தொழிலில் அகப்பட்டிருந்த பெண்கள். வியாதிக்கு 'ஒழுக்கக்கேடு' என்ற பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது. கதைக்காரர்களும் சினிமாக்காரர்களும் தம் பங்குக்குப் பசை தடவினார்கள்: பட்டணம் போனான், கெட்டான், செத்தான்! தினம் மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால் மனைவிக்குக்கூடத் தொற்றாது என்பது இன்று நிரூபணமான வைத்திய உண்மை. ஒதுக்குவது குற்றமென்று 2017-ல் சட்டம் செய்து மறுவருஷம் அமலுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். கதைகளுக்குத்தான் இன்னும் சேதி எட்டவில்லை.

"ஆராய்ச்சிக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாதா?" என்பீர்கள். தெரியும். அதனால்தான் 2008 முதல் உலகில் வேறொரு முறையும் நடக்கிறது. கிருமியோடு வாழ்கிறவர்களே பயிற்சி பெற்று, தம்மைப் போன்றவர்களிடம் போய், புறம் பேசினார்களா, வேலை போயிற்றா, ஆஸ்பத்திரியில் தொடத் தயங்கினார்களா என்று கேட்கிறார்கள். கேட்கிற விதம் இதுதான். ஆனால், பதில் சொல்ல வெளியே வந்தவரைத்தானே இதிலும் எண்ண முடியும்? கதவைத் தாழிட்டுக்கொண்டவர் இந்தக் கணக்கிலும் இல்லை.

என்னைக் கேட்டால் பஸ் பிரயாணத்தை அளக்கச் சொல்வேன். சர்க்கார் 2004 ஏப்ரலில் இலவச மருந்து தரத் தொடங்கியபோது தாம்பரம் ஆஸ்பத்திரி போன்ற சில இடங்களில்தான் கிடைத்தது. இன்று மாவட்டங்கள்தோறும் கிடைக்கிறது. அப்படியும் கிட்டத்தில் உள்ளதை விட்டுவிட்டு, திண்டிவனம் தாண்டிப் பட்டணத்துக்குப் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. பெரிய டாக்டரைத் தேடிப் போகிறார்கள் என்று சொல்லாதீர்கள். மாத்திரை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வரிசையில் நிற்கும்போது ஊர்க்காரன் எவனும் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவே! அதற்காக ஒரு நாள் கூலியும் பஸ் சார்ஜும் தொலைகின்றன. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஆளின் பெயரை மறைத்துவிட்டு, ஊரின் பெயரை மட்டும் பார்த்து மைல்களைக் கூட்டட்டும். சிலர் பொய் விலாசம் கொடுத்திருப்பார்கள். அதையும் தனியாக ஒரு பத்தியில் எழுதிக்கொள்ளட்டும்.