கோவா பட்டியும் எங்கப்பாரு தோப்பும்

போன ஏப்ரல்ல ஆபீஸ் பசங்களோட கோவா போயிருந்தேன். பீச் எல்லாம் பாத்து அலுத்துப்போய், ஒரு நாள் சத்தாரி தாலுகா பக்கம் வண்டிய விட்டோம். எங்க பாத்தாலும் முந்திரிக்காடு. நடுவுல ஒரு கொட்டகை. சாராயம் வடிக்கிற அந்த இடத்துக்கு அவங்க பாஷையில 'பட்டி'ன்னு பேரு.

முந்திரிப்பழத்தை மிதிச்சுப் பிழியறாங்க. சாறு ரெண்டு மூணு நாள்ல தானா நுரைச்சுப் புளிக்குது. அதை விறகடுப்புல காய்ச்சி ஆவியைக் குளிர வெச்சா, முதல்ல வர்றது ஊராக். அதை மறுபடி வடிச்சா ஃபெனி. பத்தாங்கிளாஸ்ல படம் வரைஞ்சு மார்க் வாங்கின அதே வடித்தல்தான் :-) பிழிஞ்ச சக்கையில பாரம் வெச்சா சொட்டற தெளிஞ்ச சாறுக்குப் பேரு 'நீரோ'. நம்மூரு நீரா ஞாபகம் வந்துருச்சு.

முந்திரி ஃபெனிக்கு 2009ல புவிசார் குறியீடு கெடச்சுது. 2016ல கோவா அரசு அதைப் பாரம்பரிய பானம்னே அறிவிச்சுது.

நம்மூர்ல? உடுமலைப் பக்கம் எங்கப்பாருக்கு (அப்பாவோட அப்பா) ரெண்டு ஏக்கர் தென்னை. வெள்ளை ஈ வந்ததுல இருந்து காய்ப்பு பாதிதான். அந்த மரத்துல கள் எறக்கினா கேஸு. 1987 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாட்டுல கள்ளுக்குத் தடை. 2017ல நீராவுக்கு அனுமதி குடுத்தாங்க, ஆனா அது புளிச்சிரக் கூடாது. பொள்ளாச்சி தாண்டி சித்தூர்ப் பக்கம் போனா, அதே தென்னை, அதே கள், போர்டு மாட்டின கடை. மரத்துக்கு மாநில எல்லை தெரியுமா என்ன?

2003ல இருந்து சில்லறைக் கடையையும் அரசே நடத்துது. அங்க விக்கற பிராந்தியில 42.8 சதவீதம் ஆல்கஹால். கள்ளுல பொதுவா 4ல இருந்து 8. கெடுதலைத்தான் தடுக்கணும்னா கணக்கு தலைகீழா இருக்குதே?

இதையெல்லாம் ஆவேசமா அப்பாருகிட்ட சொன்னேன். வெத்தலைய மென்னுகிட்டே கேட்டார்.

"ஏங்கண்ணு, கள்ளுக்கடை இருந்தப்ப சனிக்கெழமை சம்பளம் முழுசா ஊடு வந்து சேந்துச்சுன்னா நெனைக்கிறே?"

பதில் வரலை. பனியன் கம்பெனி சம்பள நாள் சாயங்காலம் ஒயின்ஷாப் வாசல் எப்படி இருக்கும்னு நானும் பாத்தவன்தான். கள்ளுல மருந்து கலந்த கதையும் பொய்யில்லை. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயம் அறுபது பேருக்கும் மேல கொன்னுச்சு.

அதனால பழையபடி ஏலத்துல கடை விடுங்கன்னு நான் கேக்கலை. தன் தோப்புல எறக்கினதை, எண்ணி இத்தனை மரம்னு லைசென்சு வாங்கி, அதே தோப்புலயே சோதனைக்கு உட்பட்டு விவசாயி விக்கட்டும். அதுவும் கூடாதுன்னா பிராந்திக் கடையையும் சேத்து மூடுங்க. ஏழை மரத்துக்கு ஒரு சட்டம், பாட்டிலுக்கு ஒரு சட்டம்னு இருக்கறதுதான் எனக்கு ஒப்பலை.

அப்பாரு இன்னும் ஒத்துக்கலை. நீங்க என்ன சொல்றீங்க?

டிஸ்கி: ஊராக் ஒரே ஒரு மடக்குதான். எங்கம்மா காதுக்குப் போயிரக் கூடாது மக்களே!