கம்ப்யூட்டர் கணக்கில் வரும் தண்ணீர் தோப்புக்கு வருமா?

கேள்வி: "3 ஏக்கர் தென்னந்தோப்புக்குச் சோலார் பம்புசெட் போட இரண்டு கம்பெனிகளிடம் விலைப்புள்ளி வாங்கினோம். பேனலை 11 டிகிரி சாய்க்கலாம் என்கிறார் ஒருவர். 25 டிகிரி என்கிறார் மற்றவர். கம்ப்யூட்டர் கணக்கும் வேறுவேறாக இருக்கிறது. கடன் வாங்கித்தான் போட வேண்டும். எதை நம்புவது?"
- ஆனைமலைப் பகுதி வாசகி

பதில்: கணக்குப் போடும் மென்பொருள், கொடுத்த விவரத்துக்கு ஏற்ற விடையைத்தான் சொல்லும். அதனால் முதலில் அந்த விவரங்களைச் சரிபார்க்க வேண்டும்.

திசை: தமிழ்நாட்டில் பேனல் தெற்குப் பார்த்து இருக்க வேண்டும். 'பிவிவாட்ஸ்' என்ற மென்பொருளில் தெற்குக்கு 180 என்று கொடுக்க வேண்டும். 'பிவிஜிஐஎஸ்' என்பதில் தெற்குக்கு 0. எண்ணை மாற்றிப் போட்டால் பேனல் வடக்குப் பார்த்து நிற்பதாகக் கணக்கு வந்துவிடும்.

சாய்வு: ஆனைமலைப் பகுதி ஏறக்குறைய 10.6 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் வைப்பதானால் 10 முதல் 12 டிகிரி சாய்வு போதும். மழையில் தூசி கழுவிப் போகவும் அது உதவும். 25 டிகிரி வைத்தால் டிசம்பரில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் மே மாத நண்பகலில் சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடும். அப்போது நேரடி வெயிலில், 11 டிகிரியில் வைத்ததைவிடச் சுமார் 11 சதவீதம் குறையும்.

ஊர்: பல ஆண்டு வெயில், வெப்ப அளவுகளை வைத்துத்தான் மென்பொருள் கணக்கிடுகிறது. சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகமூட்டம் அதிகம். ஆனைமலைப் பக்கம் ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை மேகம் கட்டும். சென்னை விவரத்தை வைத்துப் போட்ட கணக்கு இங்கே உதவாது.

வெப்பம்: பேனலில் எழுதியிருக்கும் வாட், 25 டிகிரி செல்சியஸில் அளந்தது. கோடை வெயிலில் பேனல் 60 டிகிரி வரைக்கும் சூடாகும். அப்போது 10 முதல் 14 சதவீதம் வரை மின்சாரம் குறையும். இதைக் கழித்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும்.

நிழல்: பேனலில் ஒரு மூலையில் மட்டை நிழல் விழுந்தாலும் உற்பத்தி வெகுவாகக் குறையும். மரங்களின் உயரத்தையும் தூரத்தையும் கொடுக்காவிட்டால், தோப்பு இருப்பதே மென்பொருளுக்குத் தெரியாது. காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் நிழல் விழாத இடமாகப் பார்த்து அமைக்க வேண்டும்.

கடைசியாக, ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தென்னைக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படுவது பிப்ரவரி முதல் மே வரை. கிணற்று நீர்மட்டமும் அப்போதுதான் இறங்கும். அந்த நான்கு மாதங்களில் உங்கள் கிணற்று ஆழத்தில் இருந்து நாளுக்கு எத்தனை லிட்டர் வரும் என்று, மாதவாரியாக, இரண்டு கம்பெனிகளிடமும் எழுதி வாங்குங்கள். சாய்வு, ஊர், நிழல் விவரமும் அந்தத் தாளில் இருக்கட்டும். அதைத் தர மறுப்பவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம். மானியத்தில் போடுவதானால், அதற்கு முன்பே அருகில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.