வேலை தேடிப் போனவங்க எந்தக் கணக்குல?



"உங்க ராமநாதபுரம் மாவட்டத்துல வேலை இல்லைங்கிறீங்க, தெருவில சும்மா நிக்கிற ஆளையே காணோமே?" என்று வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருத்தர் கேட்டார். எப்படிக் காண்பார்? சும்மா நிக்க வேண்டியவங்க எல்லாரும் திருப்பூர் பனியன் கம்பெனியில நிக்கிறாங்க.

வேலையின்மை விகிதம் என்பது ஊர்ல உள்ள எல்லாரையும் எண்ணுவது கிடையாது. வேலை பார்ப்பவர், வேலை தேடுபவர் இரண்டையும் கூட்டி, அதில் தேடியும் கிடைக்காதவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்று பார்ப்பதுதான். தேடுறதையே விட்டவங்க அதுல வர மாட்டாங்க. என் அக்கா பி.எஸ்சி. முடிச்சு ரெண்டு வருஷமா அலைஞ்சுட்டு இப்ப வீட்டில இருக்கா. அவ அந்தக் கணக்குல இல்லை. மத்திய அரசின் கணக்கெடுப்பில் 'வழக்கமான நிலை' என்று ஒரு முறை உண்டு. அதன்படி வருஷத்தில் 30 நாள் வேலை பார்த்தாலே வேலை உள்ளவராம்! மிளகாய்ப் பழம் எடுக்கவும் கரிமூட்டத்துக்குக் கருவேலம் வெட்டவும் போயிட்டு, மிச்ச மாசமெல்லாம் சும்மா இருக்கிற எங்க அத்தையும் வேலை உள்ளவர்தான்.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலாக வந்தது கன்னியாகுமரி. அங்கே படிச்சவங்க படிப்புக்கு ஏத்த வேலை வரட்டும்னு காத்திருந்தா வேலையில்லாதவர் எண்ணிக்கை கூடும். காத்திருக்கிறதுக்கும் வீட்டில சோறு இருக்கணுமே. அதனால, விகிதம் குறைஞ்ச மாவட்டம் எல்லாம் வசதியான மாவட்டம் ஆகாது.

இந்த வித்தியாசம் நேத்து வந்ததில்லை. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோயம்புத்தூரில் ஆலைகள் பெருகின. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் தொழிற்சாலை, 2000-ல் சென்னையிலேயே டைடல் பார்க். நம்ம பக்கம்? பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் சிவகாசியும் ராஜபாளையமும் இருந்துச்சு. 1985-ல் மாவட்டத்தைப் பிரிச்சதும் பட்டாசும் மில்லும் அங்கிட்டுப் போச்சு, கண்மாயும் கருவேலமும் இங்கிட்டு நின்னுச்சு. 2016-ல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. கட்டும்போது ஆயிரக்கணக்கில் ஆள் வேணும், கட்டி முடிச்சா கொஞ்சப் பேர் போதும். (வெயிலாவது நம்மகிட்ட இருக்கே என்று எங்க தாத்தா சொல்வார்.)

ஆறாம் வகுப்பில் எங்களோடு படிச்ச நாலு பேர் அம்மா அப்பாவோட திருப்பூர் போயிட்டாங்க. அந்த அப்பாக்கள் அங்கே வேலை உள்ளவர்கள், சந்தோஷம்தான். ஆனா இங்கே வேலை இல்லாமத்தான் போனாங்க என்பது இந்த மாவட்டக் கணக்கிலும் இல்லை, அந்த மாவட்டக் கணக்கிலும் இல்லை. நாலு பேரில் ஒருத்தி இப்ப பள்ளிக்கூடமே போகலையாம்.

எந்த மாவட்டத்துக்குத் தொழிற்சாலை என்று முடிவு பண்றவங்க விகிதத்தை மட்டும் பார்க்கக் கூடாது, ஊரை விட்டுப் போனவங்களையும் எண்ணணும் என்பது என் கருத்து. அதுவரை நாமே எண்ணலாம். எங்க தெருவை நானும் தோழிகளும் எழுதிட்டோம். 22 வீட்டில் 9 வீட்டிலிருந்து ஆள் வெளியூர் போயிருக்கு, 3 வீடு பூட்டிக் கிடக்கு. மத்த தெருக்காரங்க உங்க கணக்கை எழுதி ஒன்பதாம் வகுப்பில் குடுங்க. அக்டோபர் 2 கிராம சபையில் தலைவரிடம் கொடுக்கணும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி