கடன் அட்டையும் களவும்

ஆதியாகமத்திலே ஈசாக்கின் வரலாற்றை நாம் அனைவரும் படித்திருக்கின்றோம். முதுமையாற் கண்ணொளி மங்கிய அப்பெரியாரின் முன், இளைய மகன் யாக்கோபு, தமையனின் உடையை உடுத்து, கைகளை வெள்ளாட்டுக் குட்டியின் தோலால் மூடி, தமையனுக்குரிய ஆசியைப் பெற வந்து நின்றான். குரலைக் கேட்ட தந்தை ஐயுற்றார், கையைத் தடவிப் பார்த்தார், தெளிந்தார், ஆசியை வழங்கிவிட்டார். சோதியாது விட்டார் என்று அவரை நாம் குறை கூறுதற்கில்லை. ஏமாற்ற வந்தவன் கொணர்ந்த சான்றைக் கொண்டே அவனைச் சோதித்தார் என்பதே அவர் செய்த பிழை.

அப்பிழை இன்றும் நாள்தோறும் நிகழ்கின்றது. கைபேசி ஒலிக்கின்றது. பேசுவோன் நம் பெயரைச் சொல்லுகின்றான். நம் பாங்கியின் பெயரைச் சொல்லுகின்றான். நம் கடன் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களையும் பிழையின்றி ஒப்பிக்கின்றான். 'இவ்வளவும் அறிந்தவன் பாங்கியைச் சேர்ந்தவனாகத்தானே இருத்தல் வேண்டும்' என்று நாம் நம்பிவிடுகின்றோம். அவன் ஒப்பித்தவை யாவும் ஆட்டுத் தோலேயன்றி வேறல்ல. கடை ரசீதிலும், பரிசுச் சீட்டிலும், நகல் எடுக்கும் கடையில் மறந்து வந்த ஆதார்த் தாளிலும் நம்மைப் பற்றிய செய்திகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கியெடுத்தவன் நம்மை அறிந்தவன் ஆகலாம்; அதனால் நமக்கு உரியவன் ஆகிவிடமாட்டான்.

நான் நன்கறிந்த பெரியவர் ஒருவர் முப்பது ஆண்டு கணக்காசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். 'தங்கள் அட்டை இன்று மாலையோடு முடங்கிவிடும்' என்று அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவன் சொற்படி அவர் கைபேசியில் ஒரு செயலியை இறக்கினார். தம் திரையில் தோன்றுவதையெல்லாம் தொலைவிலிருப்பவன் காணுமாறு செய்யும் செயலி அது என்பதை அவர் அறியார். ஓ.டி.பி. என வழங்கும் ஒருமுறைக் கடவெண் திரையில் வந்தது, கணப்பொழுதில் ரூ. 18,000 போயிற்று. அப்பொழுதே அவருக்கு உண்மை விளங்கிவிட்டது. ஆயினும் அவர் ஒருவரிடமும் வாய் திறந்திலர். 'எத்தனை பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன்! நானே ஏமாந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்லுவேன்?' என்று எண்ணி மறுகினார். அடுத்த இரண்டு இரவுகளில் மேலும் ரூ. 52,000 போயிற்று. ஐந்தாம் நாள், தந்தை உணவு கொள்ளாதிருத்தலைக் கண்டு மகன் வற்புறுத்திக் கேட்ட பின்னரே செய்தி வெளிப்பட்டது. முதல் இழப்பைச் செய்தவன் கள்வன். பின்னைய இழப்பிற் கள்வனுக்குத் துணை நின்றது நாணம்.

காலந்தாழ்த்தல் எத்துணைக் கேடு என்பதற்குச் சட்ட நெறியே சான்று. இந்திய ரிசர்வ் பாங்கி 2017 ஜூலை 6-இல் வெளியிட்ட சுற்றறிக்கை இதனைத் தெளிவாக வகுத்தது. பாங்கியிடத்தும் வாடிக்கையாளரிடத்தும் பிழையின்றி வேறெங்கோ நேர்ந்த களவாயின், செய்தி கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் அறிவித்தவருக்கு இழப்பில்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் அறிவித்தவருக்கு வரம்புக்குட்பட்ட இழப்பே. கடவெண்ணைத் தாமே வெளியிட்டவர், அறிவிக்கும் வரை நேர்ந்த இழப்பைத் தாமே தாங்கவேண்டும். அறிவித்த பின் நேர்வது பாங்கியைச் சாரும். நம் ஆசிரியர் முதல் நாளே ஒரு சொல் உரைத்திருப்பின், பிந்தைய ரூ. 52,000-க்கு அவர் கலங்கவேண்டியதில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாயிற்று.

ஆதலின் நாம் கைக்கொள்ளவேண்டுவன சிலவே. அழைத்தவன் தந்த எண்ணையும் இணைப்பையும் கொண்டு அவனைச் சோதித்தல் வீண். அழைப்பைத் துண்டித்து, அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்பதே சோதனை. கடவெண்ணையும், அட்டையின் பின்புறத்து மூன்று இலக்கங்களையும் எவர் கேட்பினும் கூறலாகாது. யு.பி.ஐ. முறையிற் பணம் பெறுதற்கு இரகசிய எண் வேண்டுவதில்லை. அதனைக் கேட்பவன் நமக்குக் கொடுக்க வந்தவன் அல்லன், எடுக்க வந்தவனே. அட்டையின் இணையவழிப் பயனையும் வெளிநாட்டுப் பயனையும் வாடிக்கையாளரே திறக்கவும் மூடவும் வரம்பிடவும் வசதி செய்தல் வேண்டுமென ரிசர்வ் பாங்கி 2020 ஜனவரியில் ஆணையிட்டது. பூட்டு நம் கையிலிருக்கக் கதவைத் திறந்து போட்டு உறங்குதல் அறிவுடைமையன்று.

மாணவ நண்பர்காள்! உங்களுக்குத் தனியே ஒன்று கூறவேண்டும். 'உன் பாங்கிக் கணக்கைச் சில நாள் எனக்குக் கொடு. மாதந்தோறும் சிறு தொகை தருகிறேன்' என்று எவரேனும் உங்களை அணுகலாம். திருடிய பணத்தைக் கைமாற்றுதற்கு அவர்களுக்கு ஒரு கணக்கு வேண்டும். இசைந்தீராயின், ஒரு முதியவரின் ஓய்வுப் பணம் உங்கள் பெயரால் கடந்து செல்லும். போலீசார் முதலிற் தட்டுவதும் உங்கள் கதவையே. கள்வனின் முகம் எவருக்கும் தெரியாது. உங்கள் பெயரோ ஏட்டில் நிலைத்துவிடும். வாழ்வின் வாயிலில் நிற்பவருக்கு அது பெருங்கேடு.

இறுதியாக, ஏமாந்தவரைக் கண்டு நகைக்கும் வழக்கத்தை நாம் விடவேண்டும். 'படித்தவர் இப்படியும் ஏமாறுவாரோ?' என்று நாம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும், நாளை ஏமாறப் போகும் மற்றொருவரின் வாயை அடைக்கின்றது. கல்வி அச்சத்தையும் அவசரத்தையும் முற்றும் அகற்றிவிடுவதில்லை. கள்வன் நம்புவதும் அவ்விரண்டையே. வீட்டில் தாய் தந்தையரிடம் இன்றே சொல்லி வையுங்கள்: 'எப்பொழுதேனும் இவ்வாறு நேரின், என்னிடம் உடனே சொல்லுங்கள்; நான் கோபிக்கமாட்டேன்.' முதலில் பாங்கிக்கும், அடுத்து 1930 என்னும் அரசின் உதவி எண்ணுக்கும் அழைத்தல் வேண்டும்; விரைந்து அழைப்பின், பணம் கள்வன் கை சேருமுன் தடுக்கப்படுதலும் கூடும். களவு கொடுத்தல் குற்றமன்று. வாய் மூடியிருந்து கள்வனுக்கு மேலும் ஓர் இரவை அளித்தலே நாம் தவிர்க்கவேண்டிய பிழை.